பேயைக் காட்டாமலே பயமுறுத்துவது எப்படி? ஜப்பானியத் திகில் அனிமேவும் லாஃப்காடியோ ஹெர்னும்

ஒரு காலித் தாழ்வாரம். வெளியே காற்றில் உரசும் மூங்கில் இலைகள். எங்கோ தூரத்தில் மரச்செருப்புச் சத்தம். அரை நிமிடம் ஆகியும் திரையில் யாரும் வரவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கு முதுகு சில்லிட்டுப் போகிறது.

‘முஷிஷி’ (2005), ‘மொனோனோகே’ (2007), ‘யாமிஷிபாய்’ (2013) போன்ற ஜப்பானிய அனிமே தொடர்களைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய அனுபவம். (இந்த ‘மொனோனோகே’ மருந்து வியாபாரி ஒருவன் ஊர் ஊராகப் போகும் டிவி தொடர். மியாசாகியின் ‘பிரின்சஸ் மொனோனோகே’ வேறு.) இவற்றில் பேய் வருகிற நேரம் கொஞ்சம். வரப்போகிறது என்று நாம் உட்கார்ந்திருக்கிற நேரம்தான் அதிகம். பயமெல்லாம் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

இந்தப் பழக்கம் அனிமேவோடு பிறந்ததல்ல. எடோ காலத்து ஜப்பானில், அதாவது 1603-க்கும் 1868-க்கும் இடைப்பட்ட காலத்தில், ‘ஹ்யாகு மோனோகதாரி’ என்று ஒரு விளையாட்டு இருந்தது. இரவில் நூறு திரி போட்ட விளக்கை ஏற்றிவைத்து ஆளுக்கொரு பேய்க்கதை சொல்வார்கள். ஒரு கதை முடிந்தால் ஒரு திரியை அணைக்க வேண்டும். கதை ஏற ஏற அறை இருட்டும். நூறாவது திரி அணைந்தால் நிஜமாகவே ஏதோ வந்துவிடும் என்று நம்பியதால் பலர் 99-லேயே நிறுத்திக்கொள்வார்களாம்.

இப்படி வாய்மொழியாகவும் பழைய புத்தகங்களிலும் கிடந்த கதைகளை உலகத்துக்குக் கொண்டுபோனதில் பெரிய பங்கு ஒருவருக்கு உண்டு. ஆனால் அவர் பிறப்பால் ஜப்பானியர் இல்லை. தாய் கிரேக்கப் பெண், தகப்பன் ஐரிஷ்காரர். ஜப்பானிய மொழியைச் சரளமாகப் படிக்கவும் அவருக்கு வராது. போதாததற்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. பெயர் லாஃப்காடியோ ஹெர்ன். ஜப்பானில் கொய்சுமி யாகுமோ என்றால்தான் தெரியும்.

வெளியே பூட்டிய அறை

1850 ஜூன் 27-ஆம் தேதி கிரேக்கத் தீவான லெஃப்காடாவில் பிறந்தார். லாஃப்காடியோ என்ற பெயரே அந்தத் தீவிலிருந்து வந்தது. அப்பா சார்லஸ் ஹெர்ன் பிரிட்டிஷ் ராணுவத்தில் மருத்துவர். அம்மா ரோசா அந்தப் பக்கத்துத் தீவுக்காரப் பெண். இரண்டு வயதில் பிள்ளையை டப்ளினுக்குக் கூட்டிப் போனார்கள். மழையும் குளிரும் புரியாத மொழியுமாக இருந்த அந்த ஊரில் ரோசாவால் இருக்க முடியவில்லை. மகனை விட்டுவிட்டுக் கிரேக்கம் திரும்பினார். அதன் பிறகு ஹெர்ன் தன் அம்மாவைப் பார்க்கவே இல்லை. அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு இந்தியாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். வளர்த்தது சாரா பிரெனன் என்ற வசதியான உறவுக்காரப் பாட்டி.

பையனுக்கு இருட்டென்றால் உயிர் போகிற பயம். அதைப் ‘போக்க’ பெரியவர்கள் ஒரு வழி செய்தார்கள். தூங்கும் நேரம் வந்ததும் அவனை ஓர் ஒதுக்குப்புற அறையில் விட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு, கதவை வெளியே பூட்டிவிடுவார்கள். அழுதால் அடி கிடைக்கும். அப்போது ஐந்து வயதோ என்னவோ. அந்த இரவுகளில் தன்னைப் பிடிக்க வந்த உருவங்களைப் பற்றி, 50 வயதில் ஒரு கட்டுரை எழுதினார். பேயிடம் மனிதனுக்கு என்ன பயம் என்று அதில் யோசித்துக்கொண்டே போகிறார். செத்துப்போவோம் என்ற பயம் இல்லை, அது நம்மைத் தொட்டுவிடுமோ என்ற பயம்தான் என்பது அவர் வந்து சேரும் இடம். திகில் கதை எழுதுகிற யாரும் இந்த ஒரு விஷயத்தைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சம்பவத்தையும் எழுதி வைத்திருக்கிறார். வீட்டுக்கு அடிக்கடி வந்து தங்குகிற ஜேன் என்ற பெண். ஒருநாள் மேல்மாடியில் அவளைப் பார்த்துவிட்டுப் பையன் பின்னாலேயே போகிறான், கூப்பிடுகிறான். அவள் திரும்புகிறாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, வெளிறிப்போன ஒரு வழவழப்பு மட்டும். உண்மையான ஜேன் அப்போது அந்த வீட்டிலேயே இல்லை. பிற்பாடு வந்தவள் காசநோயில் இறந்துபோனாள். குழந்தையின் கற்பனை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் இந்த முகமில்லாத முகம் பின்னால் எங்கே திரும்பி வருகிறது என்று பாருங்கள்.

16 வயதில் இங்கிலாந்தில் பள்ளி மைதானத்தில் விளையாடும்போது கயிற்று முடிச்சு ஒன்று இடது கண்ணில் அடித்தது. அந்தக் கண் போனது. மிஞ்சிய வலது கண்ணும் கிட்டப்பார்வை, அதுவும் நாளாக நாளாகப் பிதுங்கித் தெரிந்தது. அவருடைய புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள், இடது பக்கத்தை மறைத்துக்கொண்டோ தலையைக் குனிந்துகொண்டோதான் இருப்பார். கூடவே பாட்டியின் சொத்தும் உறவினர் ஒருவரின் வியாபாரத்தில் கரைந்து போனது. 19 வயதில் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எல்லாவற்றையும் காட்டிய ரிப்போர்ட்டர்

சின்சினாட்டி நகரில் பட்டினி கிடந்து, ஓர் அச்சகக்காரரின் தயவில் பிழைத்து, கடைசியில் பத்திரிகை நிருபரானார். 1874-இல் ஒரு தோல் பதனிடும் ஆலையில் நடந்த கொலை அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. உடலை உலையில் போட்டு எரித்திருந்தார்கள். மிச்சம் என்னென்ன, எப்படி இருந்தது என்று ஒன்று விடாமல் எழுதினார். இப்போது படித்தாலும் வயிற்றைப் புரட்டும். பத்திரிகை நன்றாக விற்றது.

அதாவது, ஆரம்பத்தில் மனுஷன் எல்லாவற்றையும் திறந்து காட்டுகிற ஆளாகத்தான் இருந்தார். ரத்தம், சதை, எலும்பு எதையும் விடவில்லை. 30 வருஷம் கழித்து, ஒரு சொட்டு ரத்தத்தோடு நிறுத்திக்கொள்கிற எழுத்தாளராக எப்படி மாறினார்? பதிலில் பாதி அவருடைய கண். மீதி இரண்டு பெண்கள்.

முதலாமவர் அலதியா ஃபோலி. அடிமையாகப் பிறந்தவர், ஹெர்ன் தங்கியிருந்த விடுதியில் சமையல் வேலை. அடுப்படியில் உட்கார்ந்து தான் பார்த்த ஆவிகளைப் பற்றிச் சொல்வார், ஹெர்ன் கேட்டுக்கொண்டிருப்பார். அதை ஒரு பத்திரிகைக் கட்டுரையாகவும் எழுதினார். 1874-இல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். வெள்ளையர் கறுப்பினத்தவரை மணப்பது ஓஹையோ மாநிலத்தில் அப்போது சட்டவிரோதம். விஷயம் தெரிந்ததும் பத்திரிகை அவரை வேலையை விட்டு அனுப்பியது. கல்யாணமும் நிலைக்கவில்லை. அலதியாவைப் பிரிந்து 1877-இல் நியூ ஆர்லியன்ஸ் போய்விட்டார். இந்த இடத்தில் ஹெர்னுக்கு வக்காலத்து வாங்க ஒன்றும் இல்லை.

நியூ ஆர்லியன்ஸில் பத்து வருடம், பிறகு மார்ட்டினிக் தீவில் சுமார் இரண்டு வருடம். போகிற இடமெல்லாம் பாட்டு, பழமொழி, சமையல் குறிப்பு, பேய்க்கதை என்று கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். 1884-இல் வெளியிட்ட ஒரு தொகுப்பில், இந்தியாவின் வேதாளக் கதை மரபிலிருந்து ஒன்றை எடுத்து ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லியிருக்கிறார். அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் சுமந்த விக்கிரமாதித்தனோடு வளர்ந்தவர்களுக்கு இது ஒரு சின்ன ஆச்சரியம்.

விளக்கைக் குறைத்துக் கதை சொன்ன செட்சு

1890 ஏப்ரலில் யோகோஹாமாவில் வந்து இறங்கினார். பத்திரிகைக்குக் கட்டுரை எழுதத்தான் வந்தது. வந்ததும் பத்திரிகையோடு சண்டை போட்டுக்கொண்டார். அது அவருடைய சுபாவம். ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்து, ஆகஸ்ட் மாதக் கடைசியில் மேற்குக் கரையில் உள்ள மட்சுவே என்ற பழைய கோட்டை நகருக்குப் போனார்.

அங்கேதான் கொய்சுமி செட்சு அவர் வாழ்க்கைக்குள் வருகிறார். 1868-இல் சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். அதே வருடம்தான் சாமுராய்களின் காலம் முடிந்து மெய்ஜி ஆட்சி தொடங்கியது. குடும்பம் நொடித்துப்போய், முதல் கணவனும் விட்டுவிட்டுப் போய், பிழைப்புக்காக அந்த வெளிநாட்டு வாத்தியார் வீட்டில் வேலைக்கு வந்தவர். ஹெர்னுக்கு 40 வயது, செட்சுவுக்கு 23. ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாது. இருவருமாகச் சேர்ந்து இலக்கணம் எதற்கும் அடங்காத ஒரு வீட்டு ஜப்பானிய மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். உருபும் விகுதியும் உதிர்ந்துபோன அந்த மொழியில்தான் பேய்க்கதைகள் சொல்லப்பட்டன.

ஹெர்ன் இறந்த பிறகு செட்சு எழுதிய நினைவுக்குறிப்புகளில் அந்த இரவுகள் வருகின்றன. பழைய புத்தகக் கடைகளில் தேடிப்பிடித்து கதைகளைச் செட்சுதான் முதலில் படிப்பார். இரவில் விளக்குத் திரியைக் குறைத்துவிட்டுச் சொல்லத் தொடங்குவார். புத்தகத்தைப் பார்த்துச் சொன்னால் ஹெர்ன் விடமாட்டார். உன் வார்த்தையில், நீ நினைப்பதைச் சொல் என்பார். அதனால் செட்சு கதையை முழுசாகத் தனக்குள் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ராத்திரி அதுவே கனவிலும் வந்து படுத்தியதாக எழுதியிருக்கிறார். கேட்கக் கேட்க ஹெர்னுக்கு முகம் வெளுத்துப்போகும், பார்வை நிலைகுத்திவிடும். அதைப் பார்த்தால் சொல்கிற செட்சுவுக்கே பயம் வந்துவிடுமாம்.

ஒரு கதையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1902-இல் வந்த ‘கொட்டோ’ தொகுப்பில் இருப்பது. ஒரு கிராமத்தில் இரவு நேரம், பெண்கள் கூடி உட்கார்ந்து சணல் நூற்கிறார்கள். பேய் அருவி என்று பெயர்பெற்ற இடத்துக்கு இந்த இருட்டில் போய், அங்குள்ள சின்னக் கோயில் உண்டியலை எடுத்துவர யாருக்குத் துணிச்சல் என்று பந்தயம். ஓ-கட்சு என்பவள் இரண்டு வயதுப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். ஆளில்லாத சாலை. அருவி இரைச்சல். உண்டியலில் கை வைக்கும்போது தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. அவள் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடுகிறாள். எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஒரு கிழவி பிள்ளையை இறக்க உதவிக்கு வருகிறாள். முதுகில் ஏதோ ஈரம். ரத்தம். துணிக்குள் இருந்த பிள்ளைக்குத் தலை இல்லை.

பேய் எங்கே? கதை முழுக்க ஒரு குரலாக மட்டும் இரண்டு முறை வந்தது, அவ்வளவுதான். பிள்ளைக்கு அது நடந்த கணத்தை நாம் பார்க்கவே இல்லை. அவள் ஓடிவந்த வழியில் எங்கோ அது நடந்து முடிந்திருக்கிறது. அந்தத் தெருவை நாமே மனசுக்குள் திரும்ப நடந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இதை எழுதும்போது ஹெர்ன் செட்சுவைத் துளைத்தெடுத்திருக்கிறார். ரத்தத்தைப் பார்த்ததும் வந்த அந்தச் சொல்லை எந்தத் தொனியில் சொல்லியிருப்பாள்? மரச்செருப்புச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும்? அன்றைய ராத்திரி எப்படி இருந்திருக்கும்? இதெல்லாம் மூலப் புத்தகத்தில் இருக்காது. இருவரும் உட்கார்ந்து பேசிப் பேசி உண்டாக்கியது.

சரியாகப் பார்க்க முடியாத ஒருவர், சத்தத்தை வைத்து ஓர் இரவைக் கட்டுகிறார். இன்றைய அனிமே ஒலிப்பதிவுக் கூடத்தில் நடக்கிற வேலையும் கிட்டத்தட்ட இதேதான்.

ஜப்பானிய டிவி அனிமேவில் 1963-இல் ‘ஆஸ்ட்ரோ பாய்’ வந்ததிலிருந்தே பணமும் நேரமும் இல்லாமல் ஓவியங்களின் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் எடுத்து வந்தார்கள். ஒரே படம் பல விநாடி அசையாமல் நிற்கும், பின்னணியில் சத்தம் மட்டும் ஓடும். சண்டைத் தொடரில் இது குறையாகத் தெரியலாம். திகில் தொடரில் இதுவே பலம். அசையாத படத்தை உற்றுப் பார்க்கும்போது, அதில் ஏதோ அசையப்போகிறது என்று நம் மூளை தானாகவே தேட ஆரம்பித்துவிடுகிறது. 2006-இல் வந்த ‘ஹிகுராஷி’ தொடரில் சில்வண்டுகளின் இரைச்சல் செய்வது இதைத்தான். அதன் பெயரே அந்த வகைப் பூச்சியின் பெயர்தான். வெயில் கொளுத்தும் அழகான கிராமம், காதை அடைக்கும் ரீங்காரம், திடீரென்று அது நின்றுபோனால்? ‘யாமிஷிபாய்’ இன்னும் ஒருபடி மேலே. தெருவில் அட்டைப் படங்களைக் காட்டிக் கதை சொல்லும் பழைய ‘கமிஷிபாய்’ பாணியில், ஐந்து நிமிடத்துக்குள் ஒரு கதை. வாய்கூடச் சரியாக அசையாது. பயம் முழுக்கக் குரலில்தான்.

காது மட்டும் தெரிந்தது

1891 கடைசியில் மட்சுவேயின் குளிர் தாங்காமல் குமாமோட்டோவுக்கும், பிறகு கோபேவுக்கும் மாறினார்கள். 1896-இல் ஹெர்ன் ஜப்பானியக் குடியுரிமை வாங்கி, மனைவியின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு கொய்சுமி யாகுமோ ஆனார். வெளிநாட்டவராகவே செத்துப்போனால் மனைவி மக்களுக்குச் சட்டப்படி எதுவும் நிலைக்காது என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. அம்மாவை இழந்தது, சட்டம் ஏற்காத முதல் கல்யாணம் எல்லாவற்றையும் பார்த்த மனுஷன். இந்தமுறை காகிதத்தில் எதையும் பாக்கி வைக்கவில்லை. அதே வருடம் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளர். 1903-இல் அவரை அனுப்பிவிட்டு அந்த இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர், பின்னாளில் பெரிய நாவலாசிரியரான நட்சுமே சோசெகி.

1904-இல் ‘குவாய்டான்’ வெளிவந்தது. சின்னப் புத்தகம்தான், ஆனால் ஜப்பானியப் பேய்க்கதை என்றால் உலகம் முதலில் எடுப்பது அதைத்தான். அதன் முதல் கதை ஹோய்ச்சி. 1185-இல் டான்-நோ-உரா கடற்போரில் ஹெய்க்கே வம்சம் மூழ்கியது. அந்தக் கதையைப் பீவா என்ற நரம்பிசைக் கருவியில் பாடுகிற பார்வையற்ற கலைஞன் ஹோய்ச்சி. இரவில் ஒரு வீரன் வந்து அவனை ஏதோ பிரபுவின் சபைக்கு அழைத்துப் போகிறான். ஆடைகளின் சரசரப்பு, பெண்களின் அழுகை, எல்லாம் கேட்கிறது. அவன் பாடுவது இடுகாட்டில், ஹெய்க்கே ஆவிகளுக்கு முன்னால் என்பது அவனுக்குத் தெரியாது, முதலில் நமக்கும் தெரியாது. அவனைக் காப்பாற்றக் கோயில் துறவிகள் உடம்பு முழுக்கப் புத்த சூத்திரத்தை எழுதுகிறார்கள், காதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். எழுத்து இருக்கிற இடமெல்லாம் ஆவியின் கண்ணுக்குத் தெரியாது. தெரிவது இரண்டு காது மட்டும். அதைப் பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது.

இந்தக் கதையை எழுதிய நாட்களில் ஹெர்ன் பொழுது சாய்ந்தும் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருப்பாராம். பக்கத்து அறையிலிருந்து செட்சு மெதுவாக ஹோய்ச்சியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், கண் தெரியாத ஹோய்ச்சியாகவே பதில் சொல்வாராம். வெளியே மூங்கில் சரசரத்தால் அது ஹெய்க்கே வீரர்கள் சாகிற சத்தம் அவருக்கு.

அதே புத்தகத்தில் ‘முஜினா’ என்று சில பக்கக் கதை ஒன்று உண்டு. டோக்கியோவில் ஒரு சரிவுப் பாதை, இரவு. அகழியோரம் குந்தி அழுகிற பெண்ணுக்கு ஆறுதல் சொல்லப் போகிறார் ஒரு வியாபாரி. அவள் திரும்பி முகத்தைத் தடவுகிறாள். கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை. அலறிக்கொண்டு ஓடி, தூரத்தில் தெரிந்த நூடுல்ஸ்காரனின் விளக்கடியில் போய் விழுகிறார். பார்த்ததைச் சொல்ல வாய் வரவில்லை. இப்படியா இருந்தது என்று கேட்டுக்கொண்டே அவனும் தன் முகத்தைத் தடவ, அது முட்டை மாதிரி ஆகிறது. விளக்கு அணைகிறது. கதை முடிந்தது.

டப்ளின் மாடியில் ஒரு சிறுவன் பார்த்த ஜேன் இப்போது நினைவுக்கு வந்திருக்கும். ஜப்பானில் இந்த முகமற்ற உருவத்துக்கு ‘நொப்பெரா-போ’ என்று பெயர், ஹெர்னுக்கு முன்பே இருந்தது. ஆனால் எத்தனையோ கதைகளுக்கு நடுவில் இதை அவர் தேர்ந்தெடுத்ததற்கும், இவ்வளவு சுருக்கமாக எழுத முடிந்ததற்கும் அந்த மாடிக்கும் சம்பந்தமில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

இந்தக் கதையில் நிஜமாகப் பயமுறுத்துவது இரண்டாவது முகம். முதலாவதைப் பார்த்துவிட்டு வெளிச்சத்துக்கு ஓடிவந்துவிட்டோம், தப்பித்தோம் என்று மூச்சு விடும்போது, வெளிச்சமே ஏமாற்றுகிறது. 1994-இல் கிப்லி ஸ்டூடியோவின் ‘பொம் போகோ’ படத்தில் போலீஸ்காரர் ஒருவரை இதே கண்ணியில் மாட்டிவைத்துச் சிரிக்கவும் பயப்படவும் வைத்தார்கள். ‘மொனோனோகே’ தொடரோ நொப்பெரா-போவை வேறு பக்கம் திருப்பியது. புகுந்த வீட்டாரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணின் கதையாக, தன் முகத்தையே தொலைத்தவள் யார் என்று கேட்டது. அந்தத் தொடரின் மருந்து வியாபாரி வாளை உருவ வேண்டுமானால் பேயின் வடிவம், நடந்த உண்மை, அதன் காரணம் மூன்றும் தெரிந்தாக வேண்டும். ஹெர்னின் பேய்களுக்கும் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். மீறப்பட்ட வாக்கு, மறக்கப்பட்ட சாவு, இப்படி.

பனிப்பெண் யூகி-ஒன்னா கதையும் இந்த வகைதான். முசாஷி பகுதி விவசாயி ஒருவர் சொல்லக் கேட்டதாக ஹெர்ன் குறித்திருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஜப்பானிய மொழிக்குத் திரும்பி, இன்று அங்கே பரவலாகத் தெரிந்த வடிவம் அவருடையதுதான்.

ஒரு வேடிக்கை. ‘முஷிஷி’ நாயகன் கின்கோவுக்கும், ‘கெகெகே நோ கிதாரோ’ தொடரின் பேய்ப் பையன் கிதாரோவுக்கும் இடது கண் கிடையாது. தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். கிதாரோவை உருவாக்கிய மிசுகி ஷிகெரு வளர்ந்த சகாய்மினாட்டோ, மட்சுவேக்குப் பக்கத்து ஊர் என்பதும் அப்படியே.

அட்டையில் இல்லாத பெயர்

‘குவாய்டான்’ வந்த சில மாதங்களில், 1904 செப்டம்பர் 26-ஆம் தேதி, இதயக் கோளாறால் ஹெர்ன் இறந்தார். வயது 54. டோக்கியோவின் சோஷிகயா இடுகாட்டில் அடக்கம். நான்கு பிள்ளைகளில் கடைசிப் பெண்ணுக்கு அப்போது ஒரு வயதுதான்.

அவர் மீது விமர்சனம் இல்லாமல் இல்லை. ரயிலும் தொழிற்சாலையுமாக மாறிக்கொண்டிருந்த நாட்டில், பழைய ஜப்பானை மட்டும் தேடித் தேடி அழகாக்கினார் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. கதையைத் தேடியது, தனதாக்கிக்கொண்டது, குரலாக்கியது செட்சு. ‘குவாய்டான்’ அட்டையில் ஒரு பெயர்தான். 1964-இல் கோபயாஷி மசாகி அதே தலைப்பில் எடுத்து கான் விழாவில் பரிசு பெற்ற படமும் உலகத்துக்கு ஹெர்ன் கதைகளாகத்தான் தெரியும்.

செட்சு 1932 வரை வாழ்ந்தார். 2025-இல் ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி ‘பாகேபாகே’ என்ற தினசரிக் காலைத் தொடரைத் தொடங்கியது. அதன் நாயகி, செட்சுவை மாதிரியாக வைத்து எழுதப்பட்டவள். பேய்க்கதை கேட்பதென்றால் அவளுக்கு உயிர்.